‘தாயும் சேயும் நலம்’ என்று எழுதிய பிறகு

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். ஆகவே இந்த மாதக் கடைசியோடு என் வேலை முடிகிறது. கல்யாணமான பெண்ணை நர்சாக வைத்துக்கொள்வதில்லை என்பது நம் பிரசவ ஆஸ்பத்திரியின் விதி. பிள்ளைப்பேற்றைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்க, அதற்கு வழியே இல்லாத ஒருத்திதான் பொருத்தம் என்று கமிட்டியார் தீர யோசித்திருக்கிறார்கள். முப்பது வயது நிரம்புமுன் ஓய்வு பெறுகிற உத்தியோகஸ்தர் இந்த ஜில்லாவில் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். ஓய்வு பெறுகிறவர்கள் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரபாம். மரபை மீற எனக்கு விருப்பமில்லை.

நஞ்சு விழுவது, கொடியைக் கட்டுவது, ஜன்னி வராமல் கை கழுவுவது இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் பரீட்சையில் தேறி வந்திருக்கிறீர்கள். பரீட்சைத் தாளில் கேட்காத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிரசவத்தில் உடம்பும் மனசும் காயப்பட்ட ஒரு பெண் வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருப்பாள் என்பது அது. அதைக் கேட்காததற்குக் காரணம் உண்டு. அவள்தான் வீட்டுக்குப் போய்விட்டாளே! வீட்டுக்குப் போனவள் குணமானவள் என்பது ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை.

கிளம்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம்: ‘தாயும் சேயும் நலம்.’ எழுதுகிறவர் பொய் எழுதுவதில்லை. தாய்க்கு மூச்சு இருக்கிறது, சேய்க்கு அழுகை இருக்கிறது, வாசலில் வண்டி பூட்டி நிற்கிறது. அந்தப் பொழுதுக்கு அது உண்மைதான். காய்ச்சாத பாலைப்போல அந்த உண்மைக்கும் ஒரு பொழுதுதான் ஆயுள்.

ராக்காயிக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம்.

ராக்காயி சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். அவள் தன் தாய்மாமன் மாயாண்டியைக் கட்டியவள். அதாவது, அவளைப் பெற்ற ஒச்சம்மாளின் உடன்பிறந்த தம்பிதான் புருஷன். ஆகவே ஒச்சம்மாள் பெண்ணுக்குத் தாயும் மாப்பிள்ளைக்கு அக்காவுமாக இருந்தார். மற்ற வீடுகளில் இரண்டு சம்பந்திகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்ப்பதை, இங்கே அவர் ஒருவரே வெற்றிலையை மென்றபடி தீர்த்துவிடுவார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். உள்ளூர் மருத்துவச்சி பார்த்துப் பார்த்து, வலி ஓய்ந்து, இனி வராது என்று தெரிந்த பிறகு கட்டைவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஆரப்பாளையத்தில் வைகை மணலில் இறங்கி ஏறி நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை. டாக்டரம்மா ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார். ஆண் பிள்ளை, தொண்டை கிழிய அழுதது. அமாவாசைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஒச்சம்மாள் பிடிவாதம் பிடித்தார். சீட்டை எழுதிக் கொடுத்தோம். போனார்கள்.

சில மாதங்கள் கழித்து நம் கமிட்டி வழக்கம்போல் குழந்தைக் காட்சிக்கு ஏற்பாடு செய்தது. கொழுகொழுவென்ற குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, எடை பார்த்துப் பரிசு கொடுக்கிற விழா. தாய்ப்பாலில் நன்றாக வளர்ந்த குழந்தைக்குப் பரிசு ஒரு டின் பால் பவுடர். ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை ஒன்று மேடையில் இருந்தால் ஆஸ்பத்திரியைப் பற்றி ஜனங்களுக்குள்ள பயம் போகும் என்று ஒரு கமிட்டி மெம்பருக்குத் தோன்றியது. ராக்காயியின் பிள்ளை தேறியிருக்கிறதா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். தாயைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் பாசஞ்சரில் போய்ச் சமயநல்லூரில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தேன். வாசலில் ஒச்சம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பளபளவென்று, கழுத்து எங்கே என்று தேடும்படி இருந்தான்.

“வாங்க நர்சம்மா. எங்க ராசாவத் தூக்கிப் பாருங்க. இடுப்பு விட்டுரும்.”

தூக்கிப் பார்த்தேன். பரிசு நிச்சயம் என்று தோன்றியது. “ராக்காயி எங்கே?” என்றேன்.

“அவ கெடக்கா.”

“எங்கே?”

“அங்கன, தொழுவத்துல. இவனுக்குப் பாலு குடுக்கைல வருவா. குடுத்துட்டுப் போயிருவா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் குடுக்குற பாலு பிள்ளைக்கு ஒட்டுமா? ஆனாலும் பாருங்க, ஒட்டியிருக்கு.”

எதையும் வகைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். அந்த வாசலில் நின்றபடியே ராக்காயியின் நிலைமைக்கு மூன்று விளக்கங்கள் கிடைத்தன. ஒச்சம்மாளின் கருத்து: பெற்ற பெண் என்று செல்லம் கொடுத்ததில் உடம்பு வணங்காமல் போய்விட்டது, கொல்லைக்கு எழுந்து போகக்கூடச் சோம்பல். அடுத்த வீட்டு அம்மாளின் கருத்து: ஆஸ்பத்திரி இரும்பு பட்ட சூடு தலைக்கு ஏறிவிட்டது. மூன்றாவது, ஊர்க் கோடாங்கி உடுக்கை அடித்துச் சொன்னது: வைகையில் வண்டி இறங்கியபோது கன்னிமார் ஏழு பேரும் அவள்மேல் இறங்கிவிட்டார்கள், அதனால்தான் அவள் இருக்கிற இடமெல்லாம் ஈரம். கன்னிமாருக்கு ஒரு கிடாய் கேட்டிருந்தார்.

கோடாங்கியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஈரம் என்ற சொல்லை வாயால் சொன்னவர் அந்த மூவரில் அவர் ஒருவர்தான். நம் ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட அது இல்லை.

தொழுவத்துக்குப் போனேன். கூடவே ஒச்சம்மாள், அடுத்த வீட்டு அம்மாள், ராக்காயியின் தங்கை செல்லம் எல்லாரும் வந்தார்கள். மாடுகளுக்குத் தள்ளி, வெறுந்தரையில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து ராக்காயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“சாப்பிட்டாயா ராக்கு?” என்றேன்.

“சாப்பிட்டா,” என்றார் ஒச்சம்மாள்.

“தூக்கம் வருகிறதா?”

“வராம? பகல்லயும் தூங்குறா.”

“உடம்பில் எங்காவது நோகிறதா?”

“நோவா? நோவுக்கு என்ன, ராணி மாதிரி இருக்கா.”

நோயாளியின் வாயை நான் இன்னும் பார்க்கவேயில்லை. பிள்ளை பெற்ற பெண்ணைக் கேட்டால் அவளைப் பெற்ற பெண்தான் பதில் சொல்லுவார். இது நம் பக்கத்து வழக்கம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இந்த வழக்கத்தோடு எந்த நோயையும் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு ஒரு மருந்து உண்டு. வெந்நீர். பாடத்தில் வெந்நீருக்குப் பல உபயோகங்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் விட்ட உபயோகம், ஓரிடத்திலிருந்து ஆட்களை வெளியேற்ற அதைவிட மரியாதையான வழி கிடையாது என்பது.

“வெந்நீர் வேண்டும் ஆத்தா.”

“எம்புட்டு?”

“இருக்கிறதிலேயே பெரிய அண்டா நிறைய. நன்றாகக் கொதிக்க வேண்டும்.”

“எதுக்கு அம்புட்டு?”

“ஆஸ்பத்திரி முறை அப்படி.”

முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த வீட்டு அம்மாளை வேப்பிலைக்கும், செல்லத்தைப் பழைய வெள்ளைத் துணிக்கும் அனுப்பினேன். பிறகு ராக்காயியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தள்ளி உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. சாக்கின் ஓரம் கறுத்து நனைந்திருந்தது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ‘நனைகிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பாள். இல்லை என்று சொல்ல நாமே கதவைத் திறந்து வைத்ததாக ஆகும். நான் கேட்டது: “எப்போதிருந்து நனைகிறது?”

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறகு. நானாப் போகல நர்சம்மா. அதுவா வருது. இருந்தாலும் வருது, நின்னாலும் வருது.”

“ஆத்தாவிடம் சொன்னாயா?”

“மொதல்ல பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்னாக. பெறகு சோம்பேறின்னாக. பெறகு பேயின்னுட்டாக. சரின்னு நானும் விட்டுட்டேன்.”

“ஏன் விட்டாய்?”

“பேயி யாரையும் பிடிக்கும். அதுல வெக்கம் இல்ல. வளந்த பொம்பள சீலையில போறான்னு ஊரு பேசுனா, நான் போயி வைகையில விழுந்துரணும். அதுலயும் இப்பத் தண்ணி இல்ல.”

சிரிக்காமல்தான் சொன்னாள். இப்படி ஒருத்தி வேடிக்கைபோல் சாவைப் பற்றிச் சொன்னால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அது ஏற்கெனவே முளைத்திருக்கிறது.

“விழ வேண்டும் என்று நினைத்தாயா?”

“கெணத்த எட்டிப் பாத்தேன். இவன் அழுதான். பாலு குடுக்கப் போயிட்டேன். மறுபடி எட்டிப் பாக்கல.”

தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். குடித்தால்தானே வரும் என்று ஒரு கணக்கு. வருவது நிற்கவில்லை. கெட்டியாகி, எரிச்சலாகி, தொடையெல்லாம் புண்ணாகியிருந்தது.

“உனக்கு மட்டும் வந்தது இல்லை ராக்கு,” என்றேன். “பிள்ளையின் தலை ரொம்ப நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால், நீர்ப்பைச் சுவர் நைந்து ஓட்டை விழும். டாக்டர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.”

“பேரு இருக்கா?”

“இருக்கிறது.”

“பேரு வச்சிருக்காகன்னா, எனக்கு முந்தியே யாருக்கோ வந்திருக்கு.” அதை அவள் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. உலகத்திலேயே தனக்கு மட்டும் நேர்ந்த அசிங்கம் என்று அத்தனை மாதம் அவள் நினைத்திருந்தாள். புண்ணைவிட அந்தத் தனிமைதான் அவளைத் தொழுவத்தில் உட்கார வைத்திருந்தது.

“வரப்பில் நண்டு வளை விழுந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“மேல வயத் தண்ணி கீழ வயலுக்கு ஓடிரும்.”

“அதற்காக வயலுக்குத் தண்ணீர் விடாமல் இருப்பீர்களா?”

யோசித்தாள். “வளைய அடைக்கணும்.”

“இதையும் அடைக்கலாம். சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். சில பேருக்கு ஒரு தடவையில் நிற்காது.”

“நண்டு வளையும் ஒரு தடவையில நிக்காது,” என்றாள்.

ஆத்தாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம். சொன்னீகன்னா தையில வைக்கிற கல்யாணத்த நாளைக்கே வச்சுருவாக.”

என்ன கல்யாணம் என்பதை, கொதித்த அண்டாவோடு வந்த ஒச்சம்மாள் தாமாகவே சொன்னார். தை மாதம் செல்லத்தை மாயாண்டிக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள். அக்காளைக் கட்டிய அதே மாமனுக்குத் தங்கை.

“என்ன பாக்குறீக? எந்தம்பி எத்தன நாளைக்குத் தனிச்சுக் கெடப்பான்? அந்நியத்துல இருந்து ஒருத்தி வந்தா இந்தப் பிள்ளைய ஒழுங்காப் பாப்பாளா? செல்லம்னா சின்னாத்தா. பாத்துக்கிருவா.”

“ராக்காயி?”

“அவ எங்கூடக் கெடக்கட்டும். நான் பெத்தவ, கஞ்சி ஊத்த மாட்டனா?”

யோசித்துப் பார்த்தால் அதில் ஓட்டையே இல்லை. தம்பிக்குக் குடும்பம், பேரனுக்குத் தாய், சின்னவளுக்குப் புருஷன், பெரியவளுக்குக் கஞ்சி. ஒரே ஒருத்திக்குப் புருஷனும் பிள்ளையும் போகும். மற்ற எல்லாருக்கும் நல்ல ஏற்பாடு.

“கல்யாணம் ஆகாத பிள்ள நீங்க. ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது,” என்று முடித்தார். இதை நீங்களும் அடிக்கடி கேட்பீர்கள். பதில் சொல்லாதீர்கள், பொழுதுதான் போகும்.

எனக்கு முன்னே இருந்த சங்கடம் இதுதான். அவளை டாக்டரம்மாவிடம் கொண்டு போகாமல் ஒன்றும் நடக்காது. கொண்டு போவதற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல எனக்கு அவள் அனுமதி இல்லை. அவள் நன்மைக்காகத்தானே என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டால் என்ன? வாசல் வரைக்கும் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் அவள் உடம்பைப் பற்றி அத்தனை மாதமும் எல்லாரும் அவளைக் கேளாமல்தான் முடிவு செய்தார்கள். நானும் இன்னொரு ஆளாகச் சேருவதில் என்ன பெருமை?

“ஆத்தா, பேரனைக் காட்சிக்குக் கொண்டு வாருங்கள். பரிசு கிடைக்கலாம். ஆனால் குழந்தையோடு தாயும் வந்தாக வேண்டும். அது காட்சியின் விதி.”

அப்படி ஒரு விதி கிடையாது. விதிகளை உண்டாக்குவது கமிட்டியாரின் தனியுரிமையா என்ன?

காட்சியன்று மாயாண்டி வண்டி ஓட்டி வந்தார். நெடுநெடுவென்று, பேச வராத மனிதர். ஒச்சம்மாள் பேரனோடு முன்னால்; ராக்காயி வைக்கோலைக் குவித்துப் பின்னால். விழா நடக்கிற பந்தலுக்குள் பிள்ளையும் பாட்டியும் போனார்கள். தாய் வந்தாக வேண்டும் என்ற விதியை அங்கே யாரும் விசாரிக்கவில்லை. ராக்காயியை நான் பக்கவாட்டு வழியாக டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: அடைத்துப் பார்க்கலாம். முதலில் புண் ஆற வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், பல வாரம் இங்கேயே தங்க வேண்டும். நான் சொன்ன அதே எச்சரிக்கையை அவரும் சொன்னார். ராக்காயி தலையாட்டினாள்.

இனி வீட்டாரிடம் சொல்லாமல் முடியாது என்பதை ராக்காயியும் ஒப்புக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் பேச வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். அங்கே ஒச்சம்மாள் பால் பவுடர் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கோபமாக இருந்தார். இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு விழாத் தலைவரின் பேரனுக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் ராக்காயி என்னைத் தாண்டிப் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

“மாமா, எனக்குப் பேயும் இல்ல பிசாசும் இல்ல. பிள்ள பெத்ததுல நீர்ப்பை ஓட்டையாப் போச்சு. மூத்திரம் நிக்காம ஒழுகுது. அதான் சங்கதி.”

மாயாண்டி அக்காளைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். “அப்ப... நீ என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்புனது?”

“நாத்தம் அடிக்குமேன்னுதான்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீங்க எங்க என்னையக் கேட்டீக? கோடாங்கியத்தான கேட்டீக.”

ஒச்சம்மாள் எழுந்துவிட்டார். டின் உருண்டு போயிற்று. “அடிப்பாவி மகளே! ஆயுதத்தப் போட்டுக் கிழிச்சுப்பிட்டு, சீட்டும் எழுதிக் குடுத்தீகளே நர்சம்மா, நலம்னு!”

அந்தப் பக்கம் வந்த நம் கம்பவுண்டர் சும்மா போகக் கூடாதா? “நாள் கணக்கா வீட்டுலயே போட்டு வச்சிருந்தது யாரு பெரியம்மா? நாங்களா?” என்றார். ஒச்சம்மாள் மருத்துவச்சியைச் சொன்னார், கம்பவுண்டர் வண்டிமாட்டைச் சொன்னார், வேடிக்கை பார்க்க வந்த யாரோ கன்னிமாரைச் சொன்னார். யார்மேல் பழி என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால் எல்லாருக்கும் அதில் வேலை கிடைத்துவிடும். பெரும்பாலும் நம் பக்கத்துக்கும் வெட்கப்பட ஏதாவது இருக்கும், அவர்கள் பக்கத்துக்கும் இருக்கும். இரண்டு கட்சியும் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கலாம், நனைந்துகொண்டிருக்கிறவள் ஒருத்திதான்.

அவள்தான் நிறுத்தினாள். “யாரு கிழிச்சாகன்னு பெறகு பேசுங்க ஆத்தா. யாரு தைப்பாகன்னு இப்பக் கேளுங்க.”

மாயாண்டி தொண்டையைச் செருமினார். “யக்கா, கல்யாணத்த ஒத்தி வையி.”

“எம்புட்டு நாளைக்கு?”

“தைச்சு முடியட்டும்.”

“தைச்சும் ஒழுகுச்சுன்னா?”

மாயாண்டி குனிந்து, உருண்டு கிடந்த டின்னை எடுத்து அக்காளிடம் கொடுத்தார். “பங்குனி வரைக்கும் பாக்குறேன்,” என்றார் ஒச்சம்மாள். “பங்குனியில செல்லத்துக்குத் தாலி ஏறணும். நான் வாக்குத் தவற மாட்டேன்.” யாருக்குக் கொடுத்த வாக்கு என்று நான் கேட்கவில்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அவரேதான்.

முதல் ஆபரேஷன் கார்த்திகையில் நடந்தது. நீர் வடிய ரப்பர் குழாய் வைத்துக் குப்புறப் படுக்க வைத்திருந்தோம். குழாயை எடுத்த அன்று டாக்டரம்மா, “இருமு,” என்றார். இருமினால் அடிவயிறு அழுத்தும். தையல் தாங்கியதா இல்லையா என்று தெரிந்துவிடும். ராக்காயி ஒரு தடவை இருமினாள். துணி நனைந்தது. முன்போல இல்லை, கொஞ்சம்தான். கொஞ்சமானாலும் ஈரம் ஈரம்தான். டாக்டரம்மா இன்னொரு தடவை இருமச் சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் இருந்த ஒச்சம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, “சரி, ஆச்சு,” என்று புடவையை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அன்று நான் மிகவும் பயந்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தவள் என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஒரு நர்சை அவள் பக்கத்திலேயே இருக்கச் சொன்னேன். ஆனால் ராக்காயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்துவிட்டு, பிறகு என்னிடம், “மொதல்லயே சொன்னீகல்ல, நிக்காமப் போனாலும் போகும்னு,” என்றாள். “சொல்லாம இருந்திருந்தா இன்னைக்குச் செத்திருப்பேன்.”

நிச்சயம் குணமாகும் என்று சொல்லிவிடத்தான் நமக்கு ஆசையாக இருக்கும். கேட்கிறவருக்கும் அதுதான் பிடிக்கும். அந்த இனிப்பைக் கொடுக்காதீர்கள். குணமாகாத நாளில் அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள்.

மறுபடி தைக்கத் திசு ஆற வேண்டும். இடையில் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். வார்டில் சின்னச் சின்ன வேலை செய்துகொண்டு இருந்தாள். இன்னொரு காயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையைக் கொண்டுவந்தால் பால் கொடுப்பாள். முடிந்ததும் பாயில் கிடத்திவிடுவாள். மடியில் வைத்துக்கொள்ள மாட்டாள். எங்கள் நர்சுகள் அன்பு, கடமை என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் அன்பு வரும் என்று நமக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் கேட்டுக்கொண்டே பிள்ளையைப் பாயில் கிடத்தினாள்.

ஒரு நாள் மாயாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தா வரை வந்தவர், பால் குடித்து முடிக்கும்வரை நின்று, பிறகு விடைபெறுவதுபோல் தலையைச் சொறிந்தார். பிள்ளை அதற்குள் தாயின் மடியிலேயே பெரிதாக நனைத்துவிட்டான். மாயாண்டி பதறிப் போய்க் கையை நீட்டினார். “குடு குடு, சீலையெல்லாம் போச்சு.”

ராக்காயி கொடுக்கவில்லை. மடியைப் பார்த்தாள். அவள் உடம்பு குலுங்கிற்று. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கட்டும் மாமா. இவனும் நனைக்கிறான், நானும் நனையிறேன். யாரு ஈரம்னு யாருக்குத் தெரியப்போகுது?”

அதற்குப் பிறகு பிள்ளை அவள் மடியை விட்டு இறங்கவில்லை. வார்டுக்கு யார் வந்தாலும் அவனை வைத்துக்கொண்டு எல்லார் மத்தியிலும் உட்கார்ந்தாள். ஓட்டை இன்னும் மூடவில்லை. ஆனால் தொழுவம் முடிந்துவிட்டது. உடம்பின் காயமும் மனசின் காயமும் ஒரே நாளில் ஆறுவதில்லை, ஒரே மருந்தில் ஆறுவதுமில்லை. எது முந்தும் என்பதையும் நாம் சொல்ல முடியாது.

இரண்டாவது ஆபரேஷன் மாசிக் கடைசியில். குழாயை எடுக்கிற அன்று பங்குனி பிறந்துவிட்டது. ஒச்சம்மாள் மஞ்சள் பையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பைக்குள் செல்லத்துக்கு எடுத்த கூறைப்புடவை. ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு சிம்மக்கல்லில் பாத்திரக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. மாயாண்டி தூணோரம் நின்றார். ஆண்களுக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை.

டாக்டரம்மா குழாயை எடுத்தார். ராக்காயியின் கை என் மணிக்கட்டை நெரித்தது.

“இருமு.”

இருமினாள். துணியைப் பார்த்தோம். டாக்டரம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

“இன்னும் பலமாக.”

பலமாக இருமினாள். துணி உலர்ந்தே இருந்தது. “போதும்,” என்றார் டாக்டரம்மா. ராக்காயி நிறுத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து இருமினாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினாள். துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, கண்ணீர் வழிய, வார்டே திரும்பிப் பார்க்கும்படி இருமினாள்.

வெளியே மாயாண்டிக்கு அது கேட்டது. ஜன்னலோரம் ஓடி வந்தார். “யக்கா, என்னக்கா இப்படி இருமுறா? சளி பிடிச்சிருச்சா? யாராவது போயி நிறுத்தச் சொல்லுங்களேன்.”

ஒச்சம்மாள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கார்த்திகையில் ஒரு இருமல். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அது அவருக்கு நினைவிருந்தது.

“இருமட்டும் விடுடா,” என்றார். மூக்கைச் சிந்தி, மஞ்சள் பையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். “செல்லத்துக்கு இனி வேற மாப்பிள்ளை பாக்கணும். இந்த வெயில்ல நான் எங்கெங்க போயி அலைவேன்?”